மோதுவதற்கு முன் உந்தம் 30, மோதிய பிறகு 33.5. கூடுதல் 3.5 எங்கிருந்து வந்தது?

ஸ்லோமோ_பையன் கேட்டது:

பதினோராம் வகுப்பு படிக்கிறேன். இயற்பியல் புராஜெக்ட்டுக்கு வகுப்பில் எல்லாரும் ஊசல், சாய்தளம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் என் மாமா பையனும் வீட்டில் இருக்கும் கேரம் போர்டையே எடுத்துக்கொண்டோம். ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, போர்டுக்கு நேர் மேலே ஃபோனைக் கவிழ்த்துக் கட்டி, வினாடிக்கு 240 ஃபிரேம் வீதம் வீடியோ எடுத்தோம். காயினின் விட்டம் 3.1 சென்டிமீட்டர். அதையே அளவுகோலாக வைத்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி வேகத்தைக் கண்டுபிடித்தோம். எடையைச் சித்தப்பா தன் நகைக்கடைத் தராசில் போட்டுச் சொன்னார்: ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காயின் 5 கிராம்.

நின்றுகொண்டிருந்த ஒரு வெள்ளைக் காயினை ஸ்ட்ரைக்கர் ஓரமாகத் தட்டியது. இடிப்பதற்குச் சற்று முன் ஸ்ட்ரைக்கரின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். இடித்த உடனே காயின் வலப்பக்கமாக 45 டிகிரியில் 1.9 மீட்டர் வேகத்தில் போனது. ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் இடப்பக்கம் விலகி, 16 டிகிரியில், 1.6 மீட்டர் வேகத்தில் போனது.

மோதுவதற்கு முன் உந்தம்: 15 × 2 = 30.
மோதிய பின்: ஸ்ட்ரைக்கருக்கு 15 × 1.6 = 24. காயினுக்கு 5 × 1.9 = 9.5. மொத்தம் 33.5.

உந்தம் மாறாது என்றுதானே பாடம்? உராய்வில் கொஞ்சம் குறைந்திருந்தால்கூட ஒத்துக்கொண்டிருப்பேன். இங்கே கூடியிருக்கிறதே! வேறு வேறு வீடியோக்களிலும் இப்படித்தான் வருகிறது. மாமா பையன் "பேசாமல் 30 என்று எழுதிவிடு, சார் பார்க்கமாட்டார்" என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

பேஸ்லைன்_அக்கா பதில்:

மாற்றி எழுதிவிடாதே தம்பி! உன் அளவு நன்றாக இருக்கிறது. கேமராவை நேர் மேலே கட்டியதும், மோதலுக்கு ஒட்டிய முன்பின் ஃபிரேம்களை மட்டும் எடுத்ததும் சரியான வேலை. கூட்டல் மட்டும்தான் இடிக்கிறது.

பெரம்பூரில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறேன். கல்லூரி நாளில் மாவட்ட அளவில் கேரம் ஆடியவள். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை பரபரக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு கிராஃப் ஷீட் எடு. ஒரு சென்டிமீட்டருக்கு 2 அலகு என்று வைத்துக்கொள். ஸ்ட்ரைக்கர் முதலில் போன திசையில் 15 சென்டிமீட்டருக்கு ஓர் அம்பு போடு. அது உன்னுடைய 30. இப்போது அதே தொடக்கப் புள்ளியிலிருந்து, இடப்பக்கம் 16 டிகிரி சாய்த்து 12 சென்டிமீட்டர் அம்பு. அது 24. இந்த இரண்டாவது அம்பின் முனையிலிருந்து, முதல் அம்பின் திசைக்கு வலப்பக்கம் 45 டிகிரியில் 4.75 சென்டிமீட்டர் அம்பு. அது 9.5. கடைசி அம்பின் முனை எங்கே போய் நிற்கிறது என்று பார். முதல் அம்பின் முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் தள்ளியிருக்கும்.

கணக்காக வேண்டுமென்றால் ஒவ்வோர் உந்தத்தையும் முன்னோக்கி எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்று பிரி. காயினின் 9.5-இல் முன்னோக்கி 6.7, வலப்பக்கம் 6.7. ஸ்ட்ரைக்கரின் 24-இல் முன்னோக்கி 23.1, இடப்பக்கம் 6.6. முன்னோக்கியவற்றைக் கூட்டினால் 29.8. பக்கவாட்டில் வலம் 6.7, இடம் 6.6, ஒன்றையொன்று தின்றுவிட்டு மிஞ்சுவது 0.1. மோதுவதற்கு முன் என்ன இருந்தது? முன்னோக்கி 30, பக்கவாட்டில் பூஜ்யம். ஃபோனும் ஸ்டூலும் வைத்து எடுத்ததற்கு இது பிரமாதமான விடை.

ஆக, மாறாமல் இருப்பது அந்த அம்பு, அதாவது நீளமும் திசையும் சேர்ந்த ஒன்று. நீளங்களை மட்டும் தனியே கூட்டினால் கிடைக்கும் 33.5-ஐ மாறாமல் வைத்திருப்பதாக எந்த விதியும் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் செய்து பார். ஸ்ட்ரைக்கர் எவ்வளவு உந்தத்தை இழந்தது என்று உன்னைக் கேட்டால் 30 − 24 = 6 என்பாய். ஆனால் காயினுக்கு 9.5 கிடைத்திருக்கிறதே? 6 ரூபாய் கொடுத்தவனிடமிருந்து 9.5 ரூபாய் வாங்க முடியாது. அதையும் அம்பாகக் கழிக்க வேண்டும். ஸ்ட்ரைக்கர் முன்னோக்கி இழந்தது 30 − 23.1 = 6.9. பக்கவாட்டில் முதலில் ஒன்றுமில்லாமல் இருந்து இடப்பக்கம் 6.6 பெற்றிருக்கிறது. இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் எடு: 9.5. காயின் பெற்றதற்குச் சமம், திசை மட்டும் நேர் எதிர். புராஜெக்ட்டில் இந்தக் கணக்கைக் கட்டாயம் எழுது. முப்பது பேர் ஊசல் எழுதும் வகுப்பில் உன் நோட்டு தனியாகத் தெரியும்.

காயின் ஏன் சரியாக 45 டிகிரியில் போனது என்று யோசித்தாயா? இடிக்கும் கணத்தில் ஸ்ட்ரைக்கரின் மையத்தையும் காயினின் மையத்தையும் இணைத்து ஒரு கோடு போட்டால், காயின் அந்தக் கோட்டின் வழியேதான் ஓடும். விளிம்பில் உராய்வு மிகக் குறைவு என்பதால் தள்ளுவிசை அந்தக் கோட்டில் மட்டும் வேலை செய்கிறது. ஸ்ட்ரைக்கர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைக் காயின் பொருட்படுத்தாது. காயினை ஓரமாகத் தட்டிக் கட் அடிக்கிற எல்லாருக்கும் இது கையில் தெரியும், பேர் தெரியாவிட்டாலும்.

தெருமுனை_தாஸ் பதில்:

மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மரிய இருதயம் 1991-லயும் 1995-லயும் உலகச் சாம்பியன் ஆனப்ப கொசைன் போட்டுப் பார்த்தா அடிச்சாரு? எங்க கிளப்புல எட்டாவது தாண்டாத பசங்க கட்டையில பட்டுத் திரும்புற ரிட்டர்ன்ல ரெட் காயினை எடுத்துட்டு, அடுத்த காயினை உடனே போட்டு ஃபாலோவும் பண்றாங்க.

ஆனா ஒரு சந்தேகம் எனக்கு ரொம்ப நாளா இருக்கு. பில்லியர்ட்ஸ் ஆடுறவங்க வெள்ளைப் பந்தை அப்படியே நிறுத்திடுறாங்க, பின்னாடிகூட வர வைக்கிறாங்க. கேரம்ல காயின் நேரா பாக்கெட்டுக்கு எதிர்ல இருந்தா, பின்னாடியே ஸ்ட்ரைக்கரும் போய் விழுந்து ஃபவுல் ஆகுது. மெதுவா அடிச்சாலும் கொஞ்சமாவது முன்னாடிதான் போகுது. ஒரு தடவைகூட திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. இதுக்கும் உங்க அம்புக்கும் சம்பந்தம் உண்டா?

பேஸ்லைன்_அக்கா பதில்:

இருதயம் அண்ணாவுக்கு 1996-இல் அர்ஜுனா விருது கொடுத்தது கொசைனுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. தேவைப்படுவது என் மாதிரி ஆட்களுக்கு.

உங்கள் சந்தேகம் தம்பியுடையதைவிட நல்ல சந்தேகம். பதில் எடையில் இருக்கிறது. போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக்கூடாது. காயின் 5-லிருந்து 5.5 கிராம். அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. பில்லியர்ட்ஸில் இரண்டு பந்தும் ஒரே எடை. சம எடையுள்ள இரண்டு நேருக்கு நேர் மோதினால், வந்தது தன் உந்தம் முழுவதையும் கொடுத்துவிட்டு நிற்க முடியும். (பின்னால் வர வைப்பது பந்து உருள்வதையும் சுழல்வதையும் வைத்துச் செய்கிற வித்தை. நம் வட்டுகள் உருளாமல் வழுக்குவதால் அந்தத் தந்திரம் இங்கே செல்லாது. கணக்குக்குக் கேரம்தான் சுத்தம்!) மூன்று மடங்கு எடையுள்ள ஸ்ட்ரைக்கரால் எல்லாவற்றையும் கொடுக்க முடியாது. முழுதாகக் கொடுத்துவிட்டு நின்றால் காயின் 6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். அவ்வளவு ஆற்றல் ஸ்ட்ரைக்கரிடம் இல்லை.

தம்பியின் அளவுகளை வைத்து அதே போர்டில் நேர் அடியைக் கணக்கிட்டேன். 2 மீட்டர் வேகத்தில் நேராக இடித்தால் காயின் 2.7-இல் ஓடும், ஸ்ட்ரைக்கர் 1.1-இல் பின்னாலேயே வரும். 5 × 2.7 = 13.5, 15 × 1.1 = 16.5, மொத்தம் 30. எல்லாம் ஒரே கோட்டில், ஒரே பக்கம் போவதால் இங்கே மட்டும் சாதாரணக் கூட்டலே போதும்.

இதில் உங்களுக்கு ஆட்டத்துக்குப் பயன்படுகிற ஒரு விஷயம் இருக்கிறது. பவுடர் போட்ட பலகையில் இரண்டுக்கும் உராய்வு ஏறத்தாழ ஒரே மாதிரி என்று வைத்தால், நிற்பதற்குள் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2.7-ஐ 1.1-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள், ஆறு வரும். காயின் ஓடும் தூரத்தில் ஆறில் ஒரு பங்குதான் ஸ்ட்ரைக்கர் ஓடும். காயினுக்கும் பாக்கெட்டுக்கும் 30 சென்டிமீட்டர் என்றால், காயின் விளிம்பைத் தொட்டு விழுகிற அளவுக்கு அடித்தால் ஸ்ட்ரைக்கர் 5 சென்டிமீட்டரில் நின்றுவிடும். வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கிப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் 20 சென்டிமீட்டர் போகும். இரண்டரை மடங்கில் 30-ஐத் தாண்டிவிடும், ஃபவுல். உங்கள் பசங்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும், ஆத்திரத்தில் அடிப்பது.

இதையே கட் அடிக்கும் நீட்டலாம். நின்றிருக்கும் காயினை எங்கே எப்படித் தட்டினாலும் 15 கிராம் ஸ்ட்ரைக்கர் தன் பழைய பாதையிலிருந்து 19.5 டிகிரிக்கு மேல் விலகவே முடியாது. 5-ஐ 15-ஆல் வகுத்தால் வரும் மூன்றில் ஒன்று எந்தக் கோணத்தின் சைனோ, அந்தக் கோணம் அது. ஆற்றல் கொஞ்சமும் வீணாகாத மோதலுக்கான உச்சம் இது. நிஜப் போர்டில் 17-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். தம்பிக்கு 16 வந்திருக்கிறது பாருங்கள், அவன் தெரியாமலேயே கிட்டத்தட்ட எல்லையைத் தொட்டிருக்கிறான். தெருவில் சிலர் 20 கிராம் ஸ்ட்ரைக்கர் வைத்து ஆடுவார்கள். அதற்கு எல்லை 14.5 டிகிரி. கனமான ஸ்ட்ரைக்கர் காயினைப் பறக்கவிடும், ஆனால் பாதை மாறாமல் நேரே போய் எதிர் பாக்கெட்டில் விழும் ஆபத்தும் கூடும்.

கட் அடிப்பதற்கு முன் ஸ்ட்ரைக்கர் போகிற கோட்டை நீட்டி, அதற்கு இரண்டு பக்கமும் 20 டிகிரிக்கு ஒரு விசிறியை மனதில் போட்டுப் பாருங்கள். அதற்குள் பாக்கெட் இருந்தால் யோசித்து அடிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் ஓட்டத்தில் பயமில்லை. கட்டையில் பட்டுத் திரும்பி வந்து விழுவது வேறு கதை.

பழங்கணக்கு பதில்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். தம்பி போட்ட அதே 33.5 கூட்டலைப் பெரிய மனிதர் ஒருவரும் போட்டிருக்கிறார் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை.

1644-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டெக்கார்ட், பிரபஞ்சத்தில் இயக்கத்தின் மொத்த அளவு மாறுவதில்லை என்று எழுதினார். இயக்கத்தின் அளவு என்று அவர் எடுத்துக்கொண்டது பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கியது. திசை அதில் சேராது, அது தனிச் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டார். அந்த அடிப்படையில் மோதலுக்கு ஏழு விதிகளும் வகுத்தார். நான்காவது விதி வேடிக்கையானது: நிற்கிற பெரிய பொருளை ஒரு சின்னப் பொருள் எவ்வளவு வேகமாக வந்து இடித்தாலும் அசைக்க முடியாது, சின்னது அதே வேகத்தில் திரும்பிப் போய்விடும்!

கையில் போர்டு இருக்கிறது. ஸ்ட்ரைக்கரை நடுவில் நிறுத்தி, காயினைச் சுண்டி அதன் மேல் நேராக இடிக்கவிட்டுப் பாருங்கள்.

டச்சுக்காரரான கிறிஸ்டியான் ஹைகென்ஸ் இந்த விதிகளை நம்பவில்லை. 1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி மோதல் விதிகளைப் பற்றி எழுதக் கேட்டபோது வாலிஸ், ரென், ஹைகென்ஸ் மூவரும் எழுதி அனுப்பினார்கள். ஹைகென்ஸ் 1669-இல் வெளியிட்டதில் இந்த இழையின் விஷயமே இருக்கிறது: இரண்டு பொருள்களின் இயக்க அளவு மோதலில் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம், எதிர்ப்பக்கம் போவதைக் கழித்து ஒரே பக்கமாகக் கணக்கிட்டால் மட்டும் மாறாமல் இருக்கும். அவர் ஒரு கோட்டில் மோதுபவற்றுக்குச் சொன்னார். கேரம் போர்டு மாதிரி ஒரு தளத்தில், கழித்தலுக்குப் பதில் அம்புகளை முனையோடு முனை ஒட்டுகிறோம்.

ஸ்லோமோ_பையன் பதில்:

அக்கா, கிராஃப் ஷீட்டில் போட்டேன், முனை வந்து சேர்ந்துவிட்டது! மாமா பையன் ஸ்கேலை வாங்கி அவனும் ஒரு தடவை அளந்து பார்த்தான்.

பழங்கணக்கு ஐயா சொன்னதையும் செய்தோம். காயின் 2 மீட்டர் வேகத்தில் போய் நேராக ஸ்ட்ரைக்கரை இடித்தது. ஸ்ட்ரைக்கர் நன்றாகவே நகர்ந்தது, 0.9. காயின் 0.7 வேகத்தில் திரும்பி வந்தது. நீளங்களை மட்டும் கூட்டினால் 13.5 + 3.5 = 17 வருகிறது. முதலில் இருந்ததோ 10. திரும்பி வந்ததைக் கழித்தால் சரியாக 10.

இப்போது வேறு இரண்டு சந்தேகம். முதல் வீடியோவுக்கு இயக்க ஆற்றலையும் போட்டேன். முன்னால் 30 மில்லிஜூல். பின்னால் 19.2-உம் 9-உம், மொத்தம் 28.2. இதையும் அம்பாகக் கூட்ட வேண்டுமா? இரண்டாவது, ஸ்ட்ரைக்கர் 2 மீட்டர் வேகத்தில் பக்கக் கட்டையில் நேராக மோதி 1.4-இல் திரும்பி வந்தது. உந்தம் 30-லிருந்து 21 ஆகிவிட்டது என்றால், 9-ஐக் கட்டை வாங்கிக்கொண்டது என்று எழுதலாமா?

பேஸ்லைன்_அக்கா பதில்:

ஆற்றலுக்குத் திசை கிடையாது, நேராகவே கூட்டு. 28.2 சரிதான். குறைந்த 1.8 "டக்" என்ற சத்தமாகவும் வெப்பமாகவும் போனது. ஒரே மோதலில் ஆற்றல் குறைந்திருக்கிறது, உந்தம் அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடு.

கட்டைக்கு 9 என்று எழுதாதே. போகும்போது +30, வரும்போது −21. மாற்றம் 51. கட்டை தடுத்து நிறுத்த 30 வேண்டும், திருப்பி அனுப்ப இன்னும் 21 வேண்டும். டியூஷனில் வருடா வருடம் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள், குறியைப் போடாமல். சாய்வாக வந்து பட்டால், கட்டைக்குச் செங்குத்தான பங்கு மட்டும் இப்படித் திரும்பும். கட்டையை ஒட்டிய பங்கு, உராய்வில் போகிற கொஞ்சத்தைத் தவிர, அப்படியே இருக்கும்.

அந்த 51 போர்டுக்குப் போகிறது, போர்டு தரையோடு உராய்ந்து நிற்பதால் தரைக்குப் போகிறது. போர்டு 10 கிலோ என்று வைத்து, உராய்வே இல்லாமல் மிதக்கவிட்டால், அது வினாடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். வழவழப்பான தரையில் உருளை பென்சில்களைப் பரப்பி அதன் மேல் போர்டை வைத்து, கட்டையைப் பார்த்து ஓங்கி அடித்துப் பாருங்கள். அசைவதை வீடியோவில் பிடித்துவிடலாம். போர்டின் எடைக்குச் சித்தப்பா தராசு போதாது, அரிசிக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டும்.

தெருமுனை_தாஸ் பதில்:

ஆறுல ஒரு பங்கு கணக்கு கிளப்புல அடிச்சுக் காட்டினேன் மேடம், அஞ்சு சென்டிமீட்டர் கிட்டத்தான் நிக்குது. பசங்க வாயைப் பொளந்துட்டானுங்க. இப்ப பிரேக் பத்தி ஒண்ணு. நடுவுல 19 காயினும் ஒட்டி அடுக்கியிருக்கு, அடிச்சா நாலா பக்கமும் சிதறுது. அதுக்கும் இந்த அம்பு வேலைக்கு ஆகுமா?

பேஸ்லைன்_அக்கா பதில்:

ஆகும். எதுவும் கட்டையைத் தொடுவதற்கு முன், பத்தொன்பது காயினின் அம்பையும் ஸ்ட்ரைக்கரின் அம்பையும் முனையோடு முனை ஒட்டினால், நீங்கள் அடித்த கோட்டில் நீங்கள் அடித்த அதே நீளம் வரும். வலப்பக்கம் போனதும் இடப்பக்கம் போனதும் மொத்தமாகச் சமமாகிவிடும். ஆனால் எந்தக் காயினுக்கு எவ்வளவு என்பதை இந்த விதி சொல்லாது. அடுக்கியதில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் பங்கு மாறிவிடும். ஒரே கை, ஒரே வேகம் என்றாலும் ஒவ்வொரு பிரேக்கும் வேறு மாதிரி சிதறுவது அதனால்தான்.

தம்பி, அந்த வீடியோ மட்டும் எடுக்க முயற்சி செய்யாதே, புராஜெக்ட் கொடுக்கும் தேதிக்குள் இருபது அம்பும் அளந்து முடிக்கமாட்டாய்.